ஞாயிற்றுக்கிழமை மாணவன் – 9: காமராசர் தோற்ற வருஷம்

அலுவலகத்தில் 22 வருஷமாக என் வேலை, எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்டுப் படிவத்தின் கட்டங்களை நிரப்புவது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். வயது என்ன என்று கேட்டால், "நீங்களே பாத்துப் போடுங்க சார்" என்பார்கள். முகத்தைப் பார்த்து ஓர் எண்ணை எழுதுவேன். அந்த நிமிஷத்திலிருந்து அதுதான் அவர் வயது. கணவர் பெயரைக் கேட்டால் வயதான பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். கூட வந்த பேரனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பேரன் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். வரிசை நீண்டு நிற்கும்போது அந்தத் திரும்பிப் பார்த்தலை யார் கவனித்தார்கள்?

நாட்டார் வழக்காற்றியலில் பகுதிநேர ஆய்வாளராக நான் சேர்ந்தபோது வயது 44. எடுத்துக்கொண்ட பொருள், செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் கருப்பட்டி காய்ச்சிய பெண்களின் வாய்மொழி வரலாறு. பனையேறிகளைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். பனையேறி இறக்கிய பதநீரைக் கருப்பட்டியாக்கிய கைகளைப் பற்றி நான் படித்த வரையில் இரண்டு பக்கத்துக்கு மேல் எங்கும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை இரவு துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, ஞாயிறு அதிகாலை முதல் பஸ்ஸில் சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போவேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் படிவம்.

இந்த அத்தியாயம் ஒரு வருஷத்தைப் பற்றியது. அதை நான் தவறாகப் படித்ததைப் பற்றியது.

நான் பேசப் போன பெரியம்மாவுக்கு எழுபத்தேழு இருக்கலாம். இந்த எண்ணும் நான் போட்டதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை 38 கேள்விகளை அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். திருமணமான ஆண்டு, பிள்ளைகள் பிறந்த ஆண்டு, விடிலி வேலைக்குப் போகத் தொடங்கிய ஆண்டு, நிறுத்திய ஆண்டு என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் வந்தது. இருபது நிமிஷத்தில் எல்லாக் கேள்வியும் தீர்ந்துபோயிற்று. பெரியம்மா எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்து, "அவ்வளவுதானா தம்பி?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பதிவைப் போட்டுக் கேட்டேன். காற்றின் இரைச்சலும் என் குரலும்தான் இருந்தன. அரசு அலுவலகத்தின் ஒரு மேசையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது சாத்தான்குளம் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு கேள்வித்தாள் இல்லாமல் போனேன். விடிலியில் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்.

விடிலி என்பது பனங்காட்டுக்குள் ஓலையால் கட்டிய குடிசை. பதநீர்க் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு அதுதான் வீடு, அதுதான் தொழிற்கூடம். ஆண் மேலே போய், கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவான். சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கீழே வந்த பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த மட்டையும் உடைமுள்ளும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவது பெண். கொதி ஏறிப் பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். பிறகு பாகு நிறம் மாறும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டால் சிரட்டையில் ஊற்றலாம். ஒரு நிமிஷம் முந்தினால் கருப்பட்டி இளகும், ஒரு நிமிஷம் பிந்தினால் தீய்ந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். "சத்தம் மாறும்லா" என்றார். பாகு கொதிக்கும் சத்தம். நான் தேடிய வரையில் எந்த நூலிலும் இது இல்லை.

ஆண்டுகளும் அன்றைக்குத் தானாக வந்தன. அவர் கணக்கில் வந்தன. "வருஷமெல்லாம் யாரு தம்பி பாத்தா? தனுஷ்கோடி அழிஞ்சுதுல்லா, அந்தத் தைக்கு எனக்குக் கல்யாணம்." 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அப்படியானால் கல்யாணம் 1965 தொடக்கத்தில். தேதியாகக் கேட்டபோது தெரியாது என்ற அதே கல்யாணம்தான். எம்.ஜி.ஆர் செத்த வருஷம், ஆத்துல பெருவெள்ளம் வந்த வருஷம், சுனாமி வருஷம் என்று அவரிடம் ஒரு முழு நாள்காட்டி இருந்தது. 1987, 1992, 2004. ஒன்றும் தவறவில்லை. வாய்மொழி வரலாறு படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இதுதான்: 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள். 'அதுக்கு முந்தியா, அதுக்குப் பொறவா' என்று கேளுங்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் இதையும் சொன்னார். "காமராசர் தோத்தாருல்லா, அந்த வருஷந்தான் அவிய விழுந்தது. சின்னவன் வயித்துல."

அவிய என்றால் கணவர். நாளைக்கு நாற்பது பனை, காலையும் மாலையும் ஏறியவர். விழுந்ததில் இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு அவர் மரம் ஏறவில்லை. பெரியம்மா கூலிக்கு மற்றவர்களின் விடிலிக்குப் போனார். காமராசர் விருதுநகரில் தோற்றது 1967 பிப்ரவரித் தேர்தலில். பதநீர்க் காலம் தொடங்கும் நேரம். அந்தப் பனங்காட்டு ஊர்களில் அந்தத் தோல்வியைத் தங்கள் வீட்டு இழவாக நினைத்தவர்கள் பலர். குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சின்னவர், இப்போது தூத்துக்குடியில் வேலை பார்ப்பவர், ஏதோ ஒரு விண்ணப்பம் பற்றி என்னிடம் யோசனை கேட்டுப் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார். பிறந்த தேதி 1-6-1969. எனக்குள் ஒரு மணி அடித்தது. இவர் வயிற்றில் இருக்கும்போது விழுந்தார் என்றால், விழுந்தது 1968 கடைசி, அல்லது 1969 தொடக்கம். 1969 ஜனவரியில் காமராசர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்தார். அதாவது, பெரியம்மாவின் கணவர் விழுந்தது காமராசர் ஜெயித்த வருஷம். பெரியம்மாவின் நினைவு அதைத் தோற்ற வருஷத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நான் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியைப் படித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் தெர்னி, இரும்பாலைத் தொழிலாளர்கள் நிறைந்த நகரம். 1949 மார்ச் 17 அன்று, நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வந்தபோது போலீஸ் நடவடிக்கையில் லூயிஜி திரஸ்துல்லி என்ற 21 வயது இளைஞர் கொல்லப்பட்டார். பல வருஷம் கழித்து போர்ட்டெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, பலரும் அந்தச் சாவை 1953-க்கு நகர்த்திச் சொன்னார்கள். 1953-இல் இரண்டாயிரம் பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தெருவில் பெரிய மோதல் நடந்தது. தோழன் ஒருவன் செத்தும் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டோம் என்பதைத் தாங்க முடியாத மனம், அவன் சாவை ஊரே எழுந்து நின்ற நாளோடு சேர்த்துவிட்டது என்கிறார் போர்ட்டெல்லி. தவறான நினைவும் ஒரு சான்றுதான். என்ன நடந்தது என்பதைவிட, நடந்தது அவர்களுக்கு என்ன பொருள்பட்டது என்பதை அது காட்டுகிறது. வாய்மொழி வரலாற்றை ஏளனம் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வந்ததில்லை.

தெர்னியில் ஒரு திரஸ்துல்லி என்றால், தேரிக்காட்டில் என் பெரியம்மா. ஒரே வாரத்தில் கட்டுரை எழுதினேன். வீட்டின் ஆண் விழுந்ததும் தலைவர் விழுந்ததும் ஒரே வீழ்ச்சியாக நினைவில் கலந்தது எப்படி என்று பன்னிரண்டு பக்கம். ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டினார்கள். இரண்டு பேர் பிரதி கேட்டார்கள். பகல் முழுக்க வேறு வேலை பார்த்து, ராத்திரியில் தூக்கத்தை விட்டுப் படிக்கிற மனிதனுக்கு அந்தக் கைதட்டல் எத்தனை பெரிதென்று இதைப் படிக்கும் பகுதிநேர மாணவர்களுக்குத் தெரியும்.

அடுத்து பெரியம்மாவைப் பார்த்தபோது சின்னவரைப் பள்ளியில் சேர்த்த கதையைக் கேட்டேன். வேறு எதற்காகவோ கேட்டது. பெரியம்மா வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதுதான் அளவு. கை காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் பலர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

"அவனுக்குக் கை எட்டல தம்பி. ரெண்டு வருஷம் திருப்பி அனுப்புனாவ. தின்னாத்தான கை வளரும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 1967-இல் பிறந்த பிள்ளை. அப்பா படுக்கையில், அம்மா கூலிக்கு. 1972-இல் கை எட்டவில்லை, 1973-இல் எட்டவில்லை. 1974 ஜூனில் எட்டியது. ஐந்து வயது என்று கணக்கிட்டு 1-6-1969 என்று எழுதினார் தலைமையாசிரியர். பெரியம்மாவின் நினைவு எங்கும் நகரவில்லை. நகர்ந்தது காகிதம். அதை நகர்த்தியது பசி. அந்த வீட்டின் இரண்டு வருஷப் பட்டினி ஓர் அரசு முத்திரையின் கீழே பிறந்த தேதியாகப் பதிவாகியிருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அது சொல்வது மெய், கிழவி சொல்வது கலங்கிய நினைவு என்று நான் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பிறகு அதே ஊரில், விழுந்த அன்று கட்டிலில் தூக்கிப்போன நாலு பேரில் மிஞ்சியிருந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். ஓட்டு எண்ணி முடிந்த வாரம் என்றார், நான் கேட்பதற்கு முன்பே. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கருத்தரங்கத்தாருக்கு எழுதினேன்.

போர்ட்டெல்லி மேல் பிழையில்லை. தெர்னியில் அவர் செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் பல சாட்சிகளையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் நினைவு நகர்ந்தது என்று சொன்னார். நான் ஒரே ஒரு காகிதத்தை வைத்துச் சொன்னேன். அதுவும், காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று 22 வருஷமாக உள்ளே உட்கார்ந்து பார்த்தவன். ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் குனிந்து எழுத, முத்திரை விழுகிறது. எழுத்து ஆதாரம் என்று நாம் வணங்குவதில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ தயங்கித் தயங்கிச் சொன்ன வாய்மொழி. முழுநேர மாணவர் ஒருவர் இதைத் தெரிந்துகொள்ளப் பல மாதம் ஆகலாம். எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நாம் நம் வேலையைப் படிப்புக்கு இடையூறாக மட்டுமே பார்க்கிறோம். தபால்காரரும் செவிலியரும் நடத்துநரும் நியாயவிலைக் கடைக்காரரும் ஊரைப் பற்றி அறிந்திருப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது.

இந்தத் துறையை வளர்த்தவர்களே பலர் அப்படிப்பட்டவர்கள்தான். நா. வானமாமலை பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார், 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்க'ளை எடுத்துப் பாருங்கள். பாட்டின் கீழே வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், இடம். ஒரு குழுவாக, அவரவர் ஊரில் அவரவர் பிழைப்புக்கு நடுவே சேர்த்த பாட்டுகள். இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியே செய்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து வருகைதரு பேராசிரியராக்கியது.

இங்கிலாந்திலும் ஒருவர். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றைத் தொடங்கியபோது பதிவானவர்கள் பெரும்பாலும் பதவியில் இருந்த பெரிய மனிதர்கள். ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் என்ற வேல்ஸ்காரர் அதே காலத்தில் சஃபோக்கின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில், பக்கத்து வீட்டு ஆட்டிடையரிடமும் பண்ணையாட்களிடமும் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. எவன்ஸ் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தவர். புல்லறுத்தவரையே கேளுங்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்து 1956-இல் அவர் வெளியிட்ட நூல், அந்த நாட்டில் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பதிவை எழுத்தில் பெயர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பதிவை எழுதி முடிக்க மூன்று வார ராத்திரிகள். பேசியதைப் பேசியபடி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒருவர் 'சொன்னாவ' என்ற சொல்லை எல்லா இடத்திலும் சிவப்பு மையால் அடித்து 'சொன்னார்கள்' என்று திருத்தித் தந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் ஒன்றையும் மாற்றவில்லை. பெரியம்மா கணவரைப் பற்றிப் பேசும்போது 'ஆவ' போடுகிறார். கூலியைக் குறைத்துக் கொடுத்தவனைப் பற்றிப் பேசும்போது 'ஆன்' போடுகிறார். இடையில் ஒருவரைப் பற்றி 'ஆவ' என்று தொடங்கி 'ஆன்' என்று முடித்தார். அந்த இடத்தில் ஒரு குடும்பச் சண்டையே இருக்கிறது. எல்லாவற்றையும் 'ஆர்கள்' ஆக்கினால் அந்தச் சண்டை செத்துவிடும்.

பதிவில் இல்லாததும் உண்டு. விழுந்த அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கியவர் நிறுத்தி, "அத அணைச்சிருங்க தம்பி" என்றார். அணைத்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் பேசினார். அது ஆய்வேட்டில் இல்லை. இங்கேயும் வராது. அணைக்கச் சொன்னால் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு கேட்டதை மறந்தவர்போல வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்ததைக் கட்டுக்கட்டி எடுத்துக்கொண்டு போன மாசியில் பெரியம்மாவிடம் போய் வாசித்துக் காட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டார். ஆமணக்கு முத்து எப்போது போடுவது என்பதில் ஓரிடம் திருத்தினார். வாசித்து முடித்த பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அடுப்பு பொங்குனது, சிரட்டையில ஊத்துனது எல்லாம் எழுதிருக்கிய. அடுப்பச் சுத்தி நின்னவிய பேரு ஒண்ணையும் காணோமே?"

அவரே சொன்னார். ஏழு பெண்களின் பெயர். அதில் ஐந்து பேர் இப்போது இல்லை. ஒவ்வொரு பெயரையும் நான் எழுதும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். கடைசிப் பெயரைச் சொன்ன பிறகு, முதலிலிருந்து ஒருமுறை படிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அவர் கேட்டபடி அந்த ஏழு பெயர்களும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேலே இருக்கின்றன.

அவர் கணவரின் பெயர் எனக்குத் தெரியும். சின்னவரின் சான்றிதழில் இருக்கிறது. பெரியம்மா அதை ஒருமுறையும் சொல்லவில்லை. ஆகவே பதிவின் 186 பக்கத்திலும் அவர் 'அவிய' மட்டும்தான்.

(தொடரும்)